கன விதி மட்டும் போதுமா? ரத்தக் குழாய்கள் தங்கள் அகலத்தைத் தாங்களே தீர்மானிப்பது பற்றி

வாசகர் கேள்வி, 3 பிப்ரவரி 2024

"ஒவ்வொரு ரத்தக் குழாயும் தன் சுவரை ரத்தம் எவ்வளவு உரசுகிறது என்று மட்டும் கவனித்தால் போதும், உடம்பு முழுவதற்குமான வலை தானாகவே சிக்கனமாக அமைந்துவிடும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். மேலிருந்து கட்டளை கிடையாது, வரைபடம் கிடையாது. மர்ரே விதி என்று பெயராம். நிஜமா? குழாய் வேலை தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்."

3 பிப்ரவரி, இரவு 10.40

குழாய் வேலை தெரிந்தவன் நான். ஆலைகளுக்குக் குழாய் அளவு போட்டுக் கொடுப்பதுதான் இருபது வருடப் பிழைப்பு. காணொளி சொல்வது சரி.

குழாயைச் சிறிதாகப் போட்டால் பம்புக்குக் கரண்ட் பில் எகிறும். பெரிதாகப் போட்டால் இரும்புச் செலவு எகிறும். இரண்டின் கூட்டுத்தொகை எங்கே குறைவோ அதுதான் அளவு. உடம்பிலும் அதே கணக்கு. பம்பு இதயம். இரும்பின் இடத்தில் ரத்தம்: அதை உண்டாக்கி உயிரோடு வைத்திருக்க ஆகும் செலவு குழாயின் கொள்ளளவைப் பொறுத்தது, அதாவது ஆரத்தின் வர்க்கத்தை. செசில் மர்ரே 1926-ல் இந்த இரண்டு செலவையும் கூட்டி, எந்த ஆரத்தில் மிகக் குறைவு என்று பார்த்தார். ஓட்டம் ஆரத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) நேர்விகிதம் என்று விடை வந்தது. ஒரு குழாய் இரண்டாகப் பிரிந்தால், கிளைகளின் ஆரங்களைக் கனப்படுத்திக் கூட்டினால் தாய்க் குழாயின் கனம் கிடைக்க வேண்டும். சமமாகப் பிரிந்தால் ஒவ்வொரு கிளையும் தாயின் ஆரத்தில் 0.79 பங்கு. பாதி இல்லை, கவனியுங்கள்.

ஓட்டத்தை ஆரத்தின் கனத்தால் வகுத்து, பிசுக்குமையையும் (ரத்தத்தின் பிசுபிசுப்பு அளவு) ஒரு மாறிலியையும் பெருக்கினால் கிடைப்பதுதான் சுவர் உரசல். பாடநூலில் சறுக்குத் தகைவு என்று இருக்கும், நான் உரசல் என்றே எழுதப் போகிறேன். கன விதி உண்மை என்றால் உடம்பெங்கும் உரசல் ஒரே அளவு. அப்படியென்றால் ஒரு குழாய்க்கு மற்ற குழாய்களைப் பற்றி ஒன்றும் தெரிய வேண்டாம். உரசல் அதிகமா, விரி. குறைவா, சுருங்கு. முடிந்தது.

3 பிப்ரவரி, இரவு 11.25

தூக்கம் வரவில்லை, ஒரு கணக்கு. பெருந்தமனியின் ஆரம் சுமார் 1.25 செ.மீ., கனம் சுமார் 1.95. தந்துகியின் ஆரம் 4 மைக்ரான் என்று வைத்தால் கனம் 0.000000000064. வகுத்தால் 3,000 கோடி தந்துகிகள். பாடநூல்கள் 1,000 கோடி என்கின்றன. இரண்டே இரண்டு நீளங்களை வைத்துக்கொண்டு மூன்று மடங்குக்குள் வந்துவிட்டோம்! எங்கள் ஆலை மதிப்பீடுகள் இதைவிட மோசம்.

4 பிப்ரவரி, காலை

"அதே கணக்கு" என்று நேற்று எழுதியது தவறு. ஆலைக் குழாயில் தண்ணீர் கொந்தளித்து ஓடுகிறது. அங்கே அழுத்த இழப்பு ஓட்டத்தின் வர்க்கம், கீழே ஆரத்தின் ஐந்தாம் அடுக்கு. அதை வைத்து மர்ரே செய்ததையே செய்தால் அடுக்கு 3 வராது, 7/3 வரும். சிறிய ரத்தக் குழாய்களில் ரத்தம் அடுக்கடுக்காக அமைதியாக ஓடுவதால் அங்கே 3. பெருந்தமனி மாதிரி பெரிய குழாய்களில் துடிப்பு அலையும் கணக்கில் வருவதால் அடுக்கு 2-ஐ நோக்கி இறங்கும்.

"புவாசே விதியில் நான்காம் அடுக்குதானே, நீங்கள் மூன்று என்கிறீர்களே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். ஒரு குழாயைக் கையில் கொடுத்து, இந்த அழுத்தத்தில் எவ்வளவு ஓடும் என்று கேட்டால் நான்கு, அதுதான் புவாசே விதி. இவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு பெரிய குழாய் போடலாம் என்று கேட்டால் மூன்று. இதை நானும் முதல் முறை குழப்பிக்கொண்டேன்.

6 பிப்ரவரி

இந்த விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் ஓடுகிறது. இடது மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் நேராகத் தைத்து ஃபிஸ்டுலா போட்டிருக்கிறார்கள். 1966-ல் ப்ரெஷியா, சிமினோ குழு எழுதிய முறைதான் இன்றும். முதலில் போட்டது மூன்றாம் வாரமே உறைந்து நின்றுபோனது. இப்போது இருப்பது இரண்டாவது, அதே கையில் கொஞ்சம் மேலே.

மணிக்கட்டுத் தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்கு 20, 30 மில்லி ஓடும். தைத்த உடனே அது 200, 300 ஆகிவிடும். சில வாரத்தில் 600-ஐத் தாண்ட வேண்டும், சிரை 6 மி.மீ. ஆக வேண்டும், அதுவும் ஆறு வாரத்துக்குள் என்று ஒரு ஆறு-ஆறு கணக்கு சொல்வார்கள். அப்பா மஞ்சள் பந்து ஒன்றை அமுக்கிக்கொண்டே டிவி பார்ப்பார். தினமும் காலையில் கட்டை விரலை வைத்து அதிர்கிறதா என்று பார்ப்பேன். தேனீக் கூட்டில் கை வைத்த மாதிரி இருக்கும். அந்தக் கையில் வாட்ச் கூடாது, பிபி பார்க்கக் கூடாது, பை தூக்கக் கூடாது.

ஆறு வாரத்தில் ஒரு சிரை நூலிலிருந்து கயிறாவதைக் கண்ணால் பார்த்தேன். யாரும் அதை ஊதிப் பெரிதாக்கவில்லை. உரசல் ஏறியது, அது விரிந்தது. அந்தக் காணொளிக்கு நான் உடனே தலையாட்டியது இதனால்தான்.

இதே ஏற்பாட்டை 1980-ல் காமியா, தோகாவா என்ற இருவர் நாய்களில் செய்திருக்கிறார்கள். கழுத்துத் தமனியைச் சிரையோடு இணைத்து, ஆறு முதல் எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், ஓட்டம் சுமார் நான்கு மடங்கு வரை ஏறிய நாய்களில் தமனி விரிந்து உரசல் பழைய அளவுக்கே வந்திருந்தது. 1986-ல் முயலில் லாங்கில், ஓ'டானல் தலைகீழாகக் காட்டினார்கள்: ஓட்டத்தைக் குறைத்தால் தமனி சுருங்கும். ஆனால் குழாயின் உட்பக்கச் செல் படலத்தை உரித்துவிட்டால் சுருங்காது. உரசலை உணர்வது அந்த ஒற்றைப் படலம்தான். இவர்களுக்கெல்லாம் தாத்தா ரிச்சர்ட் தோமா. 1893-லேயே கோழிக் கருவைப் பார்த்து, வேகமாக ஓடும் குழாய் வளரும், மெதுவானது ஒடுங்கி மறையும் என்று எழுதிவிட்டார்.

10 பிப்ரவரி, நள்ளிரவு

வாயால் சொன்னதை நிரலாக எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். ஒரே ஒரு குழாய். இரு முனையிலும் நிலையான அழுத்தம். உரசல் இலக்குக்கு மேலே போனால் ஆரத்தைக் கூட்டு, கீழே போனால் குறை.

குழாய் வெடித்துவிட்டது. ஆரம் முடிவிலிக்குப் போகிறது. தொடக்க ஆரத்தைக் கொஞ்சம் குறைத்தால் பூஜ்ஜியத்துக்குப் போகிறது. நடுவில் நிற்கவே மாட்டேன் என்கிறது. இரண்டு நாளாகப் பிழை தேடுகிறேன்.

11 பிப்ரவரி

பிழை நிரலில் இல்லை, என் தலையில்.

அழுத்த வித்தியாசம் நிலையாக இருந்தால் உரசல் ஆரத்துக்கு நேர்விகிதம். ஒரு வரிக் கணக்கு. விரிந்தால் உரசல் கூடும், அதனால் இன்னும் விரியும். ஓட்டம் நிலையாக இருந்தால்தான் விரிய விரிய உரசல் குறையும். 3-ஆம் தேதி "முடிந்தது" என்று எழுதியபோது ஓட்டம் நிலையானது என்று சொல்லாமலே எடுத்துக்கொண்டேன். ஆனால் உடம்பு நிலையாகப் பிடித்து வைப்பது பெரும்பாலும் ரத்த அழுத்தத்தைத்தான்.

சரி, ஓட்டத்தை நிலையாக வைத்து, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய் போட்டேன். ஒன்றின் ஆரம் 1.00, மற்றது 1.01. இரண்டுக்கும் ஒரே அழுத்த வித்தியாசம், எனவே 1.01-க்கு ஒரு துளி அதிக உரசல். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அப்புறம் 1.00 மெலிய ஆரம்பித்து, சட்டென்று செத்துப்போகும். 1.01 எல்லா ஓட்டத்தையும் எடுத்துக்கொண்டு நிம்மதியாக நிற்கும். ஒரு சதவீத வித்தியாசம், மொத்தச் சொத்தும் ஒருவனுக்கு. சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது.

தந்துகி என்பதே ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாக ஓடும் குழாய்தானே. இந்த விதி மட்டும் இருந்தால் ஒரு தசைக்கு ஒரே ஒரு தந்துகி மிஞ்சும்.

14 பிப்ரவரி

என் கண்டுபிடிப்பு 28 வருடம் பழையது. ஹாக்கிங், வான் பாவெல், ஸ்பான் ஆகிய மூவரும் 1996-ல் இதையே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். ரத்தக் குழாய் வலையின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்த உரசல் மட்டும் போதாது என்று தலைப்பிலேயே இருக்கிறது. கேள்வி கேட்டவருக்கு முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும். மன்னிக்கவும்.

போதாதென்றால் வேறு என்ன வேண்டும்? பிரீஸ், செக்கோம், கேட்கென்ஸ் குழு எலியின் குடல்தாங்கிச் சவ்வில் நூற்றுக்கணக்கான குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக அளந்து, 1998-ல் ஒரு கணித மாதிரியைக் கொடுத்தார்கள். அதில் ஒவ்வொரு துண்டும் நான்கு செய்திகளைக் கேட்கிறது. முதலாவது உரசல். இரண்டாவது அழுத்தம்: அழுத்தம் அதிகமான இடத்தில் குழாய் ஒடுக்கமாக இருக்கட்டும். 3-ஆம் தேதி "உடம்பெங்கும் உரசல் ஒரே அளவு" என்றேன் அல்லவா, அதுவும் சரியில்லை. நுண்தமனியில் உரசல் நுண்சிரையில் இருப்பதைப் போலப் பல மடங்கு. உயிரினத்துக்கு உயிரினமும் மாறும், எலியின் பெருந்தமனியில் நம்முடையதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். மூன்றாவது பசி: ஓட்டம் குறைந்து ஆக்சிஜன் வராத துண்டு "எனக்குப் போதவில்லை" என்று ஒரு வேதிக் குரல் கொடுக்கும், அது அந்தத் துண்டை விரிக்கும். என் 1.00 குழாய் சாகாமல் இருக்க இதுதான் தேவைப்பட்டது.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. அந்தப் பசிக் குரல் சுவர்ச் செல்கள் வழியாக ஓட்டத்துக்கு எதிர்த் திசையில், மேலே உள்ள குழாய்களுக்கும் போகிறது. கிளை அதிகமாகவும் தூரமாகவும் இருக்கும் பாதைக்குப் பின்னால் நிறையப் பேர் கூவுகிறார்கள், அதனால் அந்தப் பாதையின் தாய்க் குழாய் நன்றாக விரியும். இது இல்லாவிட்டால் தமனிக்கும் சிரைக்கும் நடுவே இருக்கும் குறுக்கு வழி எதுவோ அது வீங்கி, தூரத்தில் இருப்பவர்களைப் பட்டினி போட்டுவிடும்.

குறுக்கு வழி என்று தட்டச்சு செய்யும்போதுதான் உறைத்தது. அப்பா கையில் இருப்பது அதுதான்.

14 பிப்ரவரி, இரவு

ஃபிஸ்டுலா என்பது 10-ஆம் தேதி நான் எழுதிய வெடிக்கும் நிரல். ஒரு முனையில் இதயம் பிடித்து வைத்திருக்கும் அழுத்தம், மறுமுனையில் சிரையின் குறைந்த அழுத்தம். நடுவில் தந்துகி இல்லை, பசித்துக் கூவும் தசை இல்லை. விரி, ஓடு, இன்னும் விரி. பெரும்பாலானவர்களுக்கு அது ஓரளவில் நிற்கக் காரணம், மேலே வரும் தமனியும் தைத்த வாயும் தடையாக இருப்பதுதான். சிரை எவ்வளவு விரிந்தாலும் அந்தத் தடைக்கு மேல் ஓட்டம் ஏற முடியாது. சிலருக்கு நிற்காமல் நிமிடத்துக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் என்று ஏறி, இதயம் களைத்துப்போய், ஃபிஸ்டுலாவைச் சிறிதாக்க வேண்டி வரும். நான் பிழை என்று நினைத்ததற்கு டாக்டர்களிடம் பெயரே இருக்கிறது.

15 பிப்ரவரி

அப்பாவின் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை அளக்கும் ஸ்கேன்) ரிப்போர்ட்டைத் தேடி எடுத்தேன். ஓட்டம் 900 மில்லி. முன்பு 25 என்று வைத்தால் 36 மடங்கு. கனமூலம் 3.3. கன விதிப்படி 2.2 மி.மீ. இருந்த தமனி 7 மி.மீ.-ஐத் தாண்டியிருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் 4.4. இரண்டு மடங்குதான். அப்படியென்றால் அந்தத் தமனியின் சுவர் பழையதைப் போல நாலரை மடங்கு உரசலில் உட்கார்ந்திருக்கிறது. நாய்களில் நான்கு மடங்கு ஓட்டம் வரை சரியானது என்று மேலே எழுதினேன். இது 36. எல்லைக்கு வெளியே.

அப்பாவிடம் காட்டினேன். "மார்க் எத்தனை?" என்றார்.

18 பிப்ரவரி

"எங்கள் ஊர் வாய்க்காலும் இப்படித்தான். தண்ணி நிறையப் போகும் கிளை தானே ஆழமாகும், குறைவாகப் போவது தூர்ந்துபோகும், கடைமடைக்காரன் அழுவான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அருமை. ஒரே வித்தியாசம், கடைமடைக்காரனின் அழுகை கரை வழியாகத் தலைமடைக்குப் போய் ஷட்டரைத் தானே திறக்காது. உடம்பில் திறக்கிறது. பிரீஸ் மாதிரியின் நான்காவது செய்தியை இவ்வளவு நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

24 பிப்ரவரி

ஒரு வாரமாகச் சதுர வலை. 20-க்கு 20 புள்ளி, ஒரு மூலையில் ஊற்று, மற்ற எல்லாப் புள்ளியும் கொஞ்சம் கொஞ்சம் உறிஞ்சும். விதி 2013-ல் டான் ஹூ, டேவிட் காய் கொடுத்தது: ஒவ்வொரு குழாயின் கடத்துதிறனும் (எவ்வளவு எளிதாக ஓட விடுகிறது என்பது) உரசலின் வர்க்கம் இலக்கைத் தாண்டினால் வளரும், இல்லாவிட்டால் தேயும். உள்ளே பார்த்தால் மர்ரேயின் செலவுக் கணக்குதான். மொத்தச் செலவு இறங்கும் திசையில் வலை தானே நழுவுகிறது. ஒரே ஒரு அடுக்கு எண்தான் விஷயம்: பராமரிப்புச் செலவு கடத்துதிறனோடு எந்த அடுக்கில் ஏறுகிறது என்பது. ரத்தக் குழாய்க்கு அது 1/2, ஏனென்றால் கொள்ளளவு ஆரத்தின் வர்க்கம், கடத்துதிறன் நான்காம் அடுக்கு. அடுக்கு 1-க்குக் கீழே இருந்தால் சுழல் பாதை (சுற்றி வந்து மூடிக்கொள்ளும் பாதை) ஒன்றுகூட மிஞ்சாது, சுத்தமான மரம் வரும்.

வந்தது. ஆனால் தொடக்க ஆரங்களைக் கொஞ்சம் கலைத்துப் பத்து முறை ஓட்டினால் பத்து வேறு மரம். ஒவ்வொன்றும் செலவு அக்கம்பக்கத்தைவிடக் குறைவான தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மிகச் சிக்கனமான மரம் எது என்று அதற்குத் தெரியாது. கேள்வியில் இருந்த "தானாகவே சிக்கனமாக" என்பதும் இங்கே அடிபடுகிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், உடம்பு மரம் இல்லை. மூளைக்கு அடியில் வில்லிஸ் வளையம் என்று ஒரு சுற்றே இருக்கிறது. மூளையின் மேற்பரப்புத் தமனிகளில் சுழல் மேல் சுழல்.

25 பிப்ரவரி

சின்ன வயதில் அரசிலையைப் புத்தகத்தில் வைத்து நரம்பு மட்டும் மிஞ்சும்வரை காத்திருந்தவர்கள் கை தூக்குங்கள். அந்த நரம்பில் எத்தனை மூடிய கட்டம்! 2010-ல் கதிஃபோரி, சோல்லோசி, மக்னாஸ்கோ ஒரு பக்கமும் கோர்சன் மறுபக்கமும், ஒரே ஆய்விதழில் அடுத்தடுத்த கட்டுரைகளில் ஒரே விடையைச் சொன்னார்கள். உறிஞ்சும் இடங்கள் நேரத்துக்கு நேரம் மாறினாலோ, ஏதாவது ஒரு குழாய் அறுபடலாம் என்றாலோ, சிக்கனமான வலையிலேயே சுழல்கள் வரும். எலுமிச்சை இலையின் நடு நரம்பில் ஓட்டை போட்டு ஒளிரும் சாயம் ஏற்றினால், அது ஓட்டையைச் சுற்றி வளைத்துப் போய்விடுகிறது. கிங்க்கோ இலையில் சுழல் கிடையாது, சாயம் அப்படியே நின்றுவிடும்.

என் நிரலில் ஒரே ஒரு வரி மாற்றினேன். ஒவ்வொரு படியிலும் உறிஞ்சும் புள்ளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பொறுக்கி, ஓட்டத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்தேன். சுழல்கள் வந்துவிட்டன. 212 சுழல். இரவு ஒரு மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன், அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

2 மார்ச்

212 இல்லை.

ஆரம் பூஜ்ஜியமானால் சமன்பாட்டுத் தொகுதி உடைந்துவிடும் என்று ஒரு அடிவரம்பு வைத்திருந்தேன். செத்த குழாய்களும் அந்த அடிவரம்பில் நூல் மாதிரி ஒட்டிக்கொண்டு இருந்தன. சுழல் எண்ணும்போது அந்தப் பிணங்களில் பலவற்றையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். அவற்றை வெட்டிவிட்டு எண்ணினால் 31. நிலையான ஓட்டத்தில் அதே எண்ணிக்கை 0. ஆக, விஷயம் நிற்கிறது, என் ஆர்ப்பாட்டம்தான் அதிகம்.

உண்மையான உடம்பு பிணங்களை வைத்துக்கொள்வதில்லை. 2012-ல் வந்த ஸீப்ரா மீன் ஆய்வில், குஞ்சின் மூளையில் முதலில் கசமுசாவென்று வலை வளர்கிறது, அப்புறம் ஓட்டம் குறைந்த துண்டுகள் சுருங்கி, அவற்றின் செல்கள் பக்கத்துக் குழாய்க்கு இடம்பெயர்ந்துவிடுகின்றன. சுழல்கள் குறைகின்றன, ஆனால் முழுவதும் ஒழிவதில்லை. பத்து மரம் பிரச்சினைக்கும் இங்கே ஒரு வழி இருக்கிறது. திசு வளர்ந்துகொண்டே இருக்கும்போது இந்தத் தழுவலும் கூடவே நடந்தால் வலை நல்ல பள்ளத்தில் போய் விழும் என்று 2016-ல் ரோனெல்லென்ஃபிட்ச், கதிஃபோரி காட்டினார்கள். சாலை போட்டுவிட்டு ஊரை வளர்ப்பது ஒன்று, ஊர் வளர வளரச் சாலை போடுவது வேறு.

3 மார்ச்

"டோக்கியோ ரயில் பாதையைப் பூஞ்சை போட்டது என்றார்களே, அதுவும் இதுதானா?" கிட்டத்தட்ட. அது சளிப் பூசணம், பூஞ்சை வகை இல்லை. 2010-ல் ஊர்கள் இருக்கும் இடங்களில் ஓட்ஸ் வைத்தார்கள். அதன் குழாய்களும் ஓட்டம் அதிகமானால் தடிக்கும். ஆனால் அந்த மாதிரியில் குழாய் கவனிப்பது ஓட்டத்தை, உரசலை இல்லை. அதற்கு மேல் இந்த இழையில் வேண்டாம், ஏற்கெனவே வாய்க்கால் வரை போய்விட்டோம்.

9 மார்ச்

நிரல் கேட்டவர்களுக்கு: நேரப் படியைச் சிறிதாக வையுங்கள், அடிவரம்பு வைத்தால் எண்ணும் முன் வெட்டுங்கள், முனையில் அழுத்தம் நிலையா ஓட்டம் நிலையா என்று முதல் வரியிலேயே எழுதிவையுங்கள். நான் எழுதாமல் இரண்டு நாள் தொலைத்தேன்.

கேள்வி கேட்டவர் இன்று வந்து "அப்போ அந்தக் காணொளி பொய்யா?" என்கிறார். பொய்யில்லை. ஒரே குழாய், நிலையான ஓட்டம் என்றால் அது சொல்வது அப்படியே நடக்கும். இரண்டாவது குழாய் வந்ததும் பசிக் குரல் வேண்டும், மூன்றாவது வந்ததும் அந்தக் குரல் மேலே போக வேண்டும், நாளைக்கு ஒன்று அடைத்துக்கொள்ளலாம் என்றால் சுழலும் வேண்டும்.

அப்பாவுக்கு அடுத்த டாப்ளர் செப்டம்பரில். தமனி 4.4-லிருந்து நகர்ந்திருந்தால் எண்ணை இங்கே போடுகிறேன். இன்று காலை அதிர்வு நன்றாக இருந்தது.